விருந்து மேசையில் வியாகுல மலர்கள்

வீட்டில் ஒரு விருந்து. பிள்ளைக்குப் புதுநன்மை, அல்லது மகளுக்குக் கலியாணம், அல்லது கிறிஸ்து பிறந்த திருநாள். அடுப்படியில் வேலை முடியப் போகிறது, நாற்காலிகள் வந்துவிட்டன, மேசைமேல் விரிப்புப் போட்டாயிற்று. அப்போது யாரோ ஒருவர், "மேசைக்குப் பூ?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பூக்கடைக்காரர் விடை சொல்லிவிடுவார். ஆனால் அதற்குள்ளே வேறொரு கேள்வி அடங்கியிருக்கிறது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். இந்தப் பூ யாருக்காக என்பதே அது.

மேல்நாடுகளில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. பழைய சித்திரம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதன் நிறங்களையும் அமைப்பையும் பார்த்து மலர்களை அடுக்குகிறார்கள். அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில் 1976ஆம் ஆண்டு இதற்கென்று ஒரு விழாவே தொடங்கிற்று. பிற காட்சிசாலைகளும் அதைப் பின்பற்றின. அங்கிருந்து அவ்வழக்கம் கலியாண மேசைகளுக்கும் வீட்டு விருந்துகளுக்கும் வந்து சேர்ந்தது. அப்படித் தேர்ந்துகொள்ளும் சித்திரம் மறுமலர்ச்சிக் காலத்ததாயிருந்தால், பல சமயங்களில் அது ஒரு கோவில் பீடத்துக்காக எழுதப்பட்டதாயிருக்கும். ஜெபத்துக்கென்று எழுதப்பட்டதைச் சாப்பாட்டு மேசைக்கு அலங்காரமாக்கிக் கொள்ளலாமா? கொள்ளலாமென்றால் அதிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது? ஒரே ஒரு சித்திரத்தை முன்னே வைத்துக்கொண்டு இதை ஆராய்ந்து பார்ப்போம்.

ஆஸ்பத்திரிக் கோவிலின் சித்திரம்

இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரிலுள்ள உஃபிட்சி காட்சிசாலையில் 'போர்ட்டினாரி பீடச் சித்திரம்' என்று வழங்கும் ஓவியம் இருக்கிறது. ஹூகோ வான் டெர் கூஸ் என்னும் பிளாண்டர்ஸ் நாட்டுச் சித்திரக்காரர் ஏறக்குறைய 1475க்கும் 1478க்கும் இடையில் இதை எழுதினார். மூன்று பலகைகள் கொண்டது. நடுப்பலகை மட்டும் இரண்டரை மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ளது. எழுதச் சொன்னவர் தொம்மாசோ போர்ட்டினாரி. இவர் பிளாரன்ஸைச் சேர்ந்தவர். ப்ரூஜ் நகரில் மெதிச்சி வங்கியின் கிளையை நடத்திவந்தவர். தம் ஊரிலுள்ள சாந்தா மரியா நுவோவா ஆஸ்பத்திரியின் கோவிலுக்குக் காணிக்கையாக இதை எழுதுவித்தார். அந்த ஆஸ்பத்திரியை 1288இல் ஸ்தாபித்தவர் அவருடைய முன்னோரான ஃபோல்கோ போர்ட்டினாரி. சித்திரம் கப்பலேறிப் பிளாரன்ஸ் வந்து சேர்ந்தது 1483ஆம் ஆண்டில். எழுதிய கைகள் அதற்கு முந்திய ஆண்டே ஓய்ந்துவிட்டன.

சித்திரத்தின் பொருள் சேசுபாலனின் பிறப்பு. குழந்தை தொட்டிலிலும் இல்லை, முன்னணையிலும் இல்லை. ஆடையின்றி வெறுந்தரையில் கிடக்கிறது. தேவமாதா கருநீல உடையில் கைகூப்பி முழந்தாளிட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் அர்ச். சூசையப்பர். மறுபக்கம் மூன்று இடையர்கள், வெயிலில் காய்ந்த முகமும் முரட்டுக் கைகளுமாக, ஓடிவந்த வேகம் அடங்காமல் எட்டிப் பார்க்கிறார்கள். சம்மனசுக்கள் பூசை உதவியாளரின் உடுப்பணிந்திருக்கிறார்கள். பூசை வைக்கும் குருவானவருக்குரிய மேலுடையை மட்டும் அவர்களில் ஒருவரும் அணியவில்லை. குருவானவர் தரையில் கிடக்கும் குழந்தையே என்று பெரியோர் இதற்குப் பொருள் கூறுவர்.

இத்தனைக்கும் முன்னால், பார்ப்பவருக்கு மிக அருகில், இரண்டு பாத்திரங்களில் பூ வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு பாத்திரங்கள்

ஒன்று மண் சாடி. அல்பரெல்லோ என்பது அதன் பெயர். இடுப்பு ஒடுங்கிய உருளை வடிவில் செய்து மெருகேற்றிய இச்சாடிகளில் அந்நாளைய மருந்துக்கடைக்காரர்கள் சூரணங்களையும் பூச்சு மருந்துகளையும் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு அதைவிடப் பழக்கமான பாத்திரம் வேறு இராது. மற்றொன்று சாதாரணக் கண்ணாடித் தம்ளர், தண்ணீர் குடிக்கிற தம்ளர். காம்புகள் தண்ணீருக்குள் நிற்பது வெளியே தெரிகிறது. வெள்ளிக் கிண்ணமோ பொற்கலசமோ அங்கே இல்லை. எழுதுவித்தவர் வங்கிக்காரர், கேட்டிருந்தால் பொன்னிலேயே தீட்டியிருக்கலாம். ஆயினும் நோயாளியின் கட்டிலருகே இருக்கும் இரண்டு பொருள்களையே சித்திரக்காரர் திருக்குழந்தையின் முன் வைத்தார்.

சாடியில் செந்நிற லீலியும், வெள்ளையும் கருநீலமுமான ஐரிஸ் மலர்களும் நிற்கின்றன. ஐரிஸின் இலை வாள்போல் நீண்டிருக்கும். ஆகவே முதிய சிமையோன் தேவமாதாவுக்கு முன்னறிவித்த வாள் அது என்பர். தம்ளரில் மூன்று சிவப்புக் கார்னேஷன்களும் நீலக் கொலம்பைன் மலர்கள் ஏழும் இருக்கின்றன. கார்னேஷனுக்கு ஜெர்மன் மொழியில் 'சிறு ஆணி' என்று பொருள்படும் பெயர். மூன்று மலர், சிலுவையின் மூன்று ஆணி. கொலம்பைன் என்னும் பெயர் புறாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் இதழ்கள் புறாக்கள் கூடி நிற்பதுபோல் இருக்கும். ஏழு மலர் என்றால் இஸ்பிரீத்துசாந்துவின் ஏழு வரங்கள், அல்லது வியாகுலமாதாவின் ஏழு வியாகுலங்கள். தரையில் வயலெட் பூக்கள் சிதறிக் கிடக்கின்றன. அவை தாழ்ச்சிக்கு அடையாளம். பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு கோதுமைக் கதிர்க்கட்டு. பெத்லேம் என்ற பெயருக்கு 'அப்பத்தின் வீடு' என்று பொருள். கதிர்க்கட்டும் தரையில்தான் கிடக்கிறது. குழந்தையும் அப்படியே கிடக்கிறது.

பிறப்பைக் கொண்டாடும் சித்திரத்தின் முன்வரிசையில் வாளும் ஆணியும் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா?

முதல் ஆட்சேபம்: சந்தோஷ வேளையில் துக்கமா?

"இந்தப் பூக்களைக் கோவிலில் வைக்கலாம், கலியாண வீட்டில் யாராவது ஆணியையும் வாளையும் நினைப்பூட்டுவார்களா? அது அபசகுனமல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

முதலாவது, அந்தச் சித்திரத்தில் சந்தோஷம் குறைந்துபோகவில்லை. இடையர்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும். துக்கத்தை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் சந்தோஷம் உள்ளே வரவேண்டும் என்று அந்தச் சித்திரக்காரர் நினைக்கவில்லை. அவரே துக்கத்தை நேரில் அறிந்தவர். கெண்ட் நகரத்துச் சித்திரக்காரர் சங்கத்தின் தலைவராயிருந்த அவர், அந்த அந்தஸ்தை விட்டு, ப்ரஸ்ஸல்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஒரு மடத்தில் சகோதரராகச் சேர்ந்தார். 1481 வாக்கில் அவர் மனம் கலங்கிற்று. தமக்கு நித்திய நரகமே என்று சொல்லிச் சொல்லி அழுதார். மடத்துத் தலைவர் அவர் மனம் ஆறும்படி சங்கீதம் வாசிக்கச் செய்தார் என்று உடனிருந்த துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

இரண்டாவது, உங்கள் விருந்துக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவர் இந்த ஆண்டில் பிள்ளையை அடக்கம் செய்தவராயிருப்பார். இன்னொருவர் வைத்தியர் சொன்ன சேதியை மனைவிக்குக்கூடச் சொல்லாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்திருப்பார். மூன்றாமவர் வேலை போனவர். மேசை முழுவதும் ஆரவாரமாய் இருந்தால் இவர்கள் என்ன செய்வார்கள்? சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்து, சாப்பாடு முடிந்தவுடன் எழுந்து போவார்கள். சந்தோஷத்தின் நடுவே துயரத்துக்கும் சிறிது இடம் வைத்திருக்கும் மேசையில் அவர்கள் தங்கள் சொந்த முகத்தோடு உட்காரலாம். அதற்காகப் பூவின் பொருளை அட்டையில் எழுதி வைக்கவோ, விருந்தாளிகளுக்குப் பிரசங்கம் பண்ணவோ வேண்டியதில்லை. வைத்தவருக்குத் தெரிந்திருந்தால் போதும். தேவைப்படுகிறவருக்கு அது தானாகப் போய்ச் சேரும்.

அபசகுனம் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கணவனை இழந்தவள் பூ வைக்கக் கூடாது, மங்கல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்னும் வழக்கம் நம் கிறிஸ்தவ வீடுகளிலும் எத்தனையோ காலமாக இருந்து வந்திருக்கிறது. இன்றும் அது அடியோடு ஒழிந்துவிடவில்லை. பேத்தியின் கலியாணத்தில் பாட்டி அடுப்படியிலேயே நின்றுவிடுகிறாள்; யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் வரச் சொல்லவுமில்லை. தலையில் சூடும் பூவை அவளுக்கு மறுத்துவிட்டார்கள். ஆனால் மேசையில் வைக்கும் பூ, அந்த மேசையில் உட்கார்ந்த எல்லோருக்கும் பொது. அவளை அழைத்து வந்து அந்தப் பூவுக்கு எதிரே உட்கார வையுங்கள். வாளால் ஊடுருவப்பட்ட தாயின் மலர்களை மேசையில் வைத்துவிட்டு, துயரப்பட்ட ஒரு தாயை அடுப்படியில் விட்டுவைத்தால், நாம் சித்திரத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டு அதன் உயிரை விட்டுவிட்டோம் என்றே அர்த்தம்.

இரண்டாம் ஆட்சேபம்: இது வீண் செலவல்லவா?

"வாடிப்போகிற பூவுக்குப் பணம் ஏன்? அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே" என்பார் வேறொருவர். இந்த ஆட்சேபம் சுவிசேஷத்திலேயே இருக்கிறது. பெத்தானியாவில் மரியாள் விலையேறிய பரிமளத் தைலத்தைச் சேசுநாதருடைய பாதங்களில் பூசியபோது, முந்நூறு பணத்துக்கு விற்றிருக்கலாமே என்று யூதாஸ் கேட்டான். அது ஒரு கூலியாளுக்கு ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி. ஆயினும் ஆண்டவர் மரியாளைக் கடிந்துகொள்ளவில்லை.

ஆனால் நம் ஆடம்பரம் ஒவ்வொன்றுக்கும் மரியாளைச் சாட்சிக்கு அழைப்பது தவறு. அவள் தைலத்தை ஒருவருக்காக ஊற்றினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மெச்ச வேண்டும் என்று ஊற்றவில்லை. எதிரே உட்காருகிறவருக்காக வைக்கும் பூ காணிக்கை. அடுத்த வீட்டாரின் கலியாணத்தைவிடப் பெரிதாயிருக்க வேண்டும் என்று வைக்கும் பூ வெறும் விளம்பரம். இரண்டும் ஒரே கடையில் வாங்கினதாயிருக்கலாம். வாங்கினவர் மனத்துக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

அளவைப் பற்றி அந்தச் சித்திரக்காரரிடமே பாடம் கேட்போம். நடுப்பலகை ஏழு சதுர மீட்டருக்கு மேற்பட்டது; தூரிகையில் பூக்கும் மலருக்கு விலையும் இல்லை. ஆயிரம் மலர் தீட்டியிருக்கலாம். அவரோ இரண்டு பாத்திரங்களில் கைப்பிடி அளவுதான் வைத்தார். ஒவ்வொன்றையும் எண்ணலாம், எண்ண முடிவதால்தான் மூன்றுக்கும் ஏழுக்கும் பொருள் இருக்கிறது. திருச்சபையும் இவ்விஷயத்தில் அளவைக் கற்பிக்கிறது. பீடத்துக்குப் பூ வைப்பதில் எப்போதும் மிதம் வேண்டும், பீடத்தின் மேலே அல்ல, அதைச் சுற்றியே வைக்க வேண்டும் என்பது பூசைப் புத்தகத்தின் பொது விதி. தபசு காலத்தில் நாலாம் ஞாயிறும் பெருவிழாக்களும் திருநாட்களும் தவிர மற்ற நாட்களில் பீடத்துக்குப் பூவே கிடையாது. கோவிலுக்கே இந்த ஒழுங்கு இருக்கும்போது வீட்டு மேசைக்கு ஓர் அளவு வேண்டாமா? பூச்செலவைக் கூட்டுவதற்காக அழைப்புப் பட்டியலிலிருந்து ஓர் ஏழை உறவினரின் பெயரை அடித்தீர்களானால், அந்தப் பூ அப்போதே வாடிவிட்டது.

மேசையை அமைக்கும் விதம்

இனி, இச்சித்திரத்தைப் பின்பற்றி ஒரு மேசையை எப்படி அமைக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் நடுவைக் காலியாக விடுங்கள். சித்திரத்தின் நடுவில் இருப்பது வெறுந்தரை. குழந்தைக்கு இடம் கிடைத்தது அதனால்தான். விருந்து மேசையின் நடு, உணவுக்கும் அதை எடுத்துக் கொடுக்கும் கைகளுக்கும் உரியது. பூவை ஓர் ஓரமாக வையுங்கள்.

பாத்திரம் இரண்டு போதும். ஒன்றுபோல் ஒன்று இருக்க வேண்டியதில்லை. வீட்டில் புழங்குகிற ஊறுகாய் ஜாடி ஒன்று, கண்ணாடித் தம்ளர் ஒன்று. வாடகைக்கு வரும் பெரிய வெண்கலத் தாங்கிகள் வேண்டாம். ஜாடியும் பூவும் சேர்ந்து ஓரடி உயரத்துக்குமேல் போகாதிருப்பது நல்லது. எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கும் பூ எவ்வளவு அழகாயிருந்தாலும் மேசைக்கு உதவாது.

பூக்காரர்கள் காம்பு குத்துவதற்குப் பச்சை நிறத்தில் ஒரு நுரைக்கட்டி வைப்பார்கள். 1954இல் அமெரிக்காவில் வந்த பொருள் அது, ஒருவகைப் பிளாஸ்டிக். மண்ணில் மக்காது; நொறுங்கித் தூளாகித் தண்ணீரிலும் மண்ணிலும் கலக்கும். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் இதை விலக்கிவிட்டது. அது இல்லாமலே பூ நிற்கும். ஜாடியின் வாய்க்குள் கம்பி வலையைச் சுருட்டி வைத்தால் போதும். தம்ளருக்கு அதுவும் வேண்டாம். காம்பும் தண்ணீரும் தெரியட்டும். அந்தச் சித்திரத்தில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

எந்தப் பூ என்பதுதான் கடினமான கேள்வி. பிளாண்டர்ஸ் நாட்டில் வயலெட் வசந்தத்தின் தொடக்கத்தில் பூக்கும்; ஐரிஸும் கொலம்பைனும் வசந்தத்தின் முடிவில்; லீலி கோடையில்; கோதுமை அறுவடை அதற்கும் பின்னால். கிறிஸ்துமஸ் வரும் பனிக்காலத்தில் இவற்றில் ஒன்றும் இராது. சித்திரக்காரர் தம் தூரிகையால் பல மாதங்களை ஒன்றுகூட்டினார். நாமோ குளிரூட்டிய பெட்டியிலும் விமானத்திலும் வரவழைத்துப் பணத்தால் ஒன்றுகூட்டப் பார்க்கிறோம். அவ்வளவு பாடுபட்டு வரவழைத்தாலும் அந்தப் பூ நம் வீட்டில் பேசாது. கார்னேஷன் ஆணியாவது ஜெர்மன் காதுக்கு. கொலம்பைன் புறாவாவது லத்தீன் காதுக்கு. நம் பாட்டிக்குப் பெயர் தெரிந்த பூவே நம் மேசையில் பேசும். கோதுமைக் கதிர் கிடந்த இடத்தில், சோறு உண்ணும் வீட்டில் ஒரு பிடி நெற்கதிர் கிடக்கட்டும். வயலெட்டுக்குப் பதில் வேலியோரத்துத் தும்பை சிதறிக் கிடக்கட்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: செங்காந்தள் விரல்போல் அழகாயிருக்கும், ஆனால் கிழங்கு முதல் பூ வரை விஷம், உணவு இருக்கும் மேசைக்கு அது ஆகாது.

எண்ணி வையுங்கள். இந்த ஆண்டில் உங்கள் குடும்பம் இழந்தவருக்காக ஒன்று. நோயுற்றிருப்பவருக்காக ஒன்று. வராமல் போனவருக்காக, பேச்சு நின்றுபோன உறவுக்காக ஒன்று. மற்றவை சந்தோஷத்துக்கு.

விருந்து முடிந்தபின் அவற்றைக் குப்பையில் போடாதீர்கள். தம்ளரோடு எடுத்துக்கொண்டு, விருந்துக்கு வரமுடியாமல் படுக்கையில் இருப்பவர் வீட்டுக்குப் போங்கள். நோயாளிகளின் கோவிலில் தொடங்கிய அந்தப் பூச்சாடி, நோயாளியின் பக்கத்தில் போய் நிற்பதே பொருத்தம்.

அந்தச் சித்திரத்தை எழுதுவித்தவரின் கதையையும் சொல்லி முடிக்கிறோம். இடப்பக்கப் பலகையில் தொம்மாசோ போர்ட்டினாரி தம் மகன்மார் இருவரோடு நல்ல உடுப்பில் முழந்தாளிட்டிருக்கிறார். வலப்பக்கத்தில் அவர் மனைவியும் மகளும். அப்போது அவருக்குக் குறைவொன்றும் இல்லை. ஆனால் அவர் பர்கண்டி நாட்டுப் பிரபு சார்லஸுக்கு அளவுமீறிக் கடன் கொடுத்திருந்தார். அந்தப் பிரபு 1477இல் போரில் மடிந்தார். ப்ரூஜ் கிளை நஷ்டத்தில் மூழ்கிற்று. தொம்மாசோ 1501ஆம் ஆண்டில் கண்மூடினார். தம் முன்னோர் ஸ்தாபித்த சாந்தா மரியா நுவோவா ஆஸ்பத்திரியிலேயே அவர் மரணம் நேர்ந்தது. பிறருடைய நோய்ப்படுக்கைக்கு அருகே அவர் வைத்த மருந்துச் சாடியும் தண்ணீர்த் தம்ளரும் கடைசியில் அவருக்கே பக்கத்தில் இருந்தன.

ஆகவே, பிரியமுள்ள வாசகரே, அடுத்த விருந்தில் "மேசைக்குப் பூ?" என்று யாராவது கேட்டால், கடைக்கு ஆள் அனுப்புமுன் சற்றே நின்று, அந்த மேசையில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடுப்படியில் யாராவது நின்றுகொண்டிருந்தால் முதலில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பிறகு ஜாடியில் தண்ணீர் ஊற்றுங்கள்.